கார் ஆடியோ வார்த்தைகள்: பாட்டு போகிற வழியிலேயே ஒரு முழுமையான வழிகாட்டி

என் பழைய ஹேட்ச்பேக்கில் முதன்முதலாக ஸ்பீக்கர் மாற்றியபோது, பெட்டியில் கொட்டை எழுத்தில் 500 வாட்ஸ் என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன். மாட்டிக் கேட்டால், காரோடு வந்த ஸ்பீக்கரைவிடச் சத்தம் குறைவு. கடையில் போய்ச் சொன்னேன். "ஆம்ப் போடணும் சார்" என்றார்கள், அதாவது ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர். போட்டேன். சத்தம் வந்தது. கூடவே, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறுகிற ஒரு விசில் ஒலியும் வந்தது. அதற்கு ஒரு ஃபில்டர் விற்றார்கள். விசில் போகவில்லை. அப்புறம் நானே உட்கார்ந்து பெட்டியிலும் கையேட்டிலும் இருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். எனக்கு நடந்த எல்லாவற்றுக்கும் விடை மூன்று வார்த்தைகளில் இருந்தது: ஆர்எம்எஸ், சென்சிட்டிவிட்டி, எர்த்.

இந்த வார்த்தைகளை அகர வரிசையில் மனப்பாடம் செய்தால் நிற்காது. போனில் தொடங்கும் பாட்டு உங்கள் காதில் வந்து சேர்கிற வரை ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் நடந்து போனால் ஒவ்வொரு வார்த்தையும் தன் இடத்தில் நின்று தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும். வாட்ஸை மட்டும் முதலில் பார்த்துவிடுவோம். பணம் அதிகம் வீணாவது அங்கேதான்.

படி 1: வாட்ஸ் கணக்கைப் பிரித்துப் படியுங்கள்

ஒரே ஸ்பீக்கரில் மூன்று விதமான வாட்ஸ் எழுதியிருக்கலாம். ஆர்எம்எஸ் என்பது அந்த ஸ்பீக்கர் மணிக்கணக்காகத் தாங்கக்கூடிய, அல்லது ஆம்ப் தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறன். பீக் அல்லது மேக்ஸ் என்பது கண நேரம் மட்டும் தாங்குவது. பிஎம்பிஓ என்பதற்கு எந்தப் பொதுவான அளவுமுறையும் கிடையாது. அந்த எண்ணைப் பார்க்காமலே விட்டுவிடுங்கள். என் 500 வாட்ஸ் ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ், பெட்டியின் அடிப்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: 50.

டேஷ்போர்டில் இருக்கும் செட்டில் 4×50 வாட்ஸ் என்று போட்டிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த 50 எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் பிறகு யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. இன்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் எதிர்ப்பு 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8. இதுதான் அந்த 50. ஆனால் இவ்வளவு வர வேண்டுமென்றால், ஒலி அலையின் தலை முழுதும் வெட்டுப்பட்டுக் கட்டம்போல ஆகியிருக்க வேண்டும், அதாவது ஒலி சிதைந்திருக்க வேண்டும். அலை வெட்டுப்படாமல் இருந்தால் கணக்குப்படியே அதில் பாதி, சுமார் 26 வாட்ஸ்தான் உச்சவரம்பு. சிப்பில் ஏற்படும் இழப்பையும் கழித்தால் நடைமுறையில் ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் தனி வழிக்கு, 18 முதல் 22 வாட்ஸ். செட்டுக்குள்ளேயே மின்னழுத்தத்தை உயர்த்தும் தனிச் சுற்று இருந்தால் ஒழிய, விலை என்னவாக இருந்தாலும் இதைத் தாண்ட முடியாது. 4×60 என்று எழுதிய ஆண்ட்ராய்டு செட்டுக்கும் இதே கதைதான்.

ஆம்ப் வாங்கும்போது பெட்டியில் சிஇஏ-2006 என்று இருக்கிறதா என்று தேடுங்கள். இப்போது சிடிஏ-2006 என்ற பெயரிலும் வருகிறது. 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு 1 சதவீதத்துக்குள் என்ற ஒரே நிபந்தனையில் அளந்த வாட்ஸ் அது. அப்படி அளந்த 75 வாட்ஸ், இஷ்டத்துக்குப் போட்ட 300 வாட்ஸைவிட மேல்.

படி 2: டெசிபல், சென்சிட்டிவிட்டி

சத்தத்தை அளப்பது டெசிபல். இரண்டு விதிகள் போதும். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல் கூடும். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு வாட்ஸ் 10 மடங்கு வேண்டும். ஆகவே 50 வாட்ஸ் ஆம்பை 75 வாட்ஸுக்கு மாற்றினால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

சென்சிட்டிவிட்டி என்பது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் அந்த ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் தருகிறது என்பது. 91 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்ஸில் தருகிற சத்தத்தை, 88 டெசிபல் ஸ்பீக்கர் தர 100 வாட்ஸ் கேட்கும். என் புது ஸ்பீக்கர் ஏன் பழையதைவிட மெல்லக் கேட்டது என்பது இதைப் படித்த பிறகுதான் புரிந்தது. அது சென்சிட்டிவிட்டி குறைந்த ஸ்பீக்கர், செட்டின் 20 வாட்ஸ் அதற்குப் போதவில்லை. தனி ஆம்ப் போடும் எண்ணம் இல்லாதவர்கள் 90 அல்லது அதற்கு மேல் உள்ள ஸ்பீக்கராகப் பார்த்து வாங்குவது நல்லது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில கம்பெனிகள் 1 வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து அளப்பார்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் 2 வாட்ஸ். எண் தானாகவே 3 டெசிபல் உயர்ந்துவிடும். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது எப்படி அளந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டெசிபல் தெரிந்துகொள்வதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் வைத்திருக்கும் அளவு, ஒரு நாளைக்கு 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் போனால் 15 நிமிடம்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டு மூடிய காருக்குள் 100 டெசிபலைத் தொடுவது கஷ்டமே இல்லை. பின்சீட்டில் குழந்தைகள் இருந்தால் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்.

படி 3: செட்டிலிருந்து தொடங்குங்கள்

டேஷ்போர்டில் இருக்கும் செட்டுக்கு முறையான பெயர் ஹெட் யூனிட். சிங்கிள் டின், டபுள் டின் என்று சொல்வது அளவைத்தான். டின் என்பது ஜெர்மனியின் தரநிர்ணய அமைப்பின் பெயர்ச்சுருக்கம். சிங்கிள் டின் முகப்பு 180×50 மில்லிமீட்டர், டபுள் டின் 180×100.

பின்பக்கம் வயர்களின் நிறத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் கடையில் என்ன செய்கிறார்கள் என்று உங்களால் பார்க்க முடியும். வெளியில் வாங்கும் செட்களில் பொதுவாக மஞ்சள் நேரடி 12 வோல்ட், சிவப்பு சாவியைத் திருப்பினால் வரும் ஏசிசி, கறுப்பு காரின் பாடியோடு சேரும் எர்த், வெள்ளைக் கோடு போட்ட நீலம் ஆம்பை எழுப்பும் ரிமோட் வயர். வெள்ளையும் சாம்பலும் முன்பக்க ஸ்பீக்கர், பச்சையும் ஊதாவும் பின்பக்க ஸ்பீக்கர். கறுப்புக் கோடு போட்டது அதனதன் மைனஸ். புதுக் கார் என்றால் வயரை வெட்ட விடாதீர்கள். உங்கள் மாடலுக்கான கப்ளர் கிடைக்கும், அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வயரை வெட்டினால் வாரண்டியில் சிக்கல் வரலாம்.

ப்ரீ-அவுட் என்பது செட்டின் பின்பக்கம் ஆர்சிஏ சாக்கெட்டில் வருகிற, இன்னும் பெருக்கப்படாத மெல்லிய சிக்னல். 2 வோல்ட், 4 வோல்ட், 5 வோல்ட் என்று இருக்கும். கூடுதல் வோல்ட் என்றால் வழியில் சேரும் இரைச்சலுக்கு மேலே பாட்டு நிற்கும். ப்ரீ-அவுட் இல்லாத கம்பெனி செட் என்றால், ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹை-லெவல் இன்புட் உள்ள ஆம்ப் வாங்கலாம். அல்லது நடுவில் ஒரு லைன் அவுட்புட் கன்வெர்ட்டர் போடலாம். டிஎஸ்பி என்றால் ஒலியைக் கணக்குப் போட்டுத் திருத்தும் சிப். சில செட்டுக்குள்ளேயே வரும், தனியாகவும் கிடைக்கும்.

படி 4: ஸ்பீக்கர் வகையும் அதிர்வெண்ணும்

மனிதக் காது கேட்பது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ் அருகில். பாடகரின் சொல் தெளிவாகக் கேட்பது பெரும்பாலும் 1,000 முதல் 4,000-க்குள். ஸ், ச் என்று காற்று சீறும் ஒலிகள் 5,000-க்கு மேலே. ஒரே கூம்பு இவ்வளவையும் நன்றாகத் தர முடியாது. அதனால்தான் கீழ் ஒலிக்குச் சப்வூஃபர், அதற்கு மேலே மிட்பேஸ், உச்சத்துக்கு ட்வீட்டர் என்று பங்கு போடுகிறார்கள். நம் ஊரில் பலர் பஃபர் என்று சொல்வது இந்தச் சப்வூஃபரைத்தான்.

கோஆக்ஸியல் என்றால் ட்வீட்டர், கீழ் ஒலி தரும் பெரிய கூம்பான வூஃபரின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். கம்பொனென்ட் என்றால் ட்வீட்டர் தனி. அதைக் கண்ணாடிப் பக்கத் தூணிலோ கதவின் மேல்முனையிலோ வைத்தால் குரல் முழங்காலிலிருந்து எழுந்து கண் உயரத்துக்கு வரும். இரண்டு சோடிக்கும் பணம் இல்லையென்றால், முன்பக்கம் ஒரு நல்ல கம்பொனென்ட் மட்டும் வாங்குங்கள். பின்னால் இருப்பது அப்படியே இருக்கட்டும். ஆறுக்கு ஒன்பது அங்குல ஓவல் ஸ்பீக்கரை டிக்கிப் பலகையில் வைப்பது நமக்குப் பழக்கமான ஒன்றுதான். ஆனால் மேடை எப்போதும் நமக்கு எதிரில்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஸ்பீக்கரை விட முக்கியமான ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: கதவு. கதவுத் தகரம்தான் ஸ்பீக்கரின் பெட்டி. அதைத் தட்டிப் பாருங்கள், டின்னைத் தட்டியது போல ஒலித்தால் பாட்டும் அப்படித்தான் ஒலிக்கும். அதிர்வை அடக்கும் ப்யூட்டில் டேம்பிங் ஷீட்டை வெளித்தகரத்தின் உட்பக்கம் ஒட்டி, ரோலரால் நன்றாக அழுத்தி, உள்தகரத்தின் பெரிய துளைகளையும் மூடினால், கூம்பின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் கலந்து ஒன்றையொன்று அழிப்பது நின்றுவிடும். என் காரில் ஒரு கதவுக்கு மட்டும் ஒட்டிவிட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒட்டிய பக்கம் தவில் அடி நெஞ்சில் விழுந்தது. ஒட்டாத பக்கம் அது டப்பா. சப்வூஃபர் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்.

படி 5: ஓம், பிரிட்ஜிங், டூயல் காயில்

ஓம் என்பது மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு. ஓம் குறைந்தால் ஆம்பிலிருந்து கூடுதல் மின்சாரம் பாயும். வாட்ஸ் கூடும், சூடும் கூடும். ஆம்ப் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று கையேட்டில் இருக்கும். அதற்குக் கீழே போகக் கூடாது.

டூயல் வாய்ஸ் காயில் சப்வூஃபரில், கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான காயில் இரண்டு இருக்கும். இரண்டும் 4 ஓம் என்றால், வரிசையாக (சீரிஸ்) இணைத்தால் 8 ஓம், பக்கவாட்டில் (பேரலல்) இணைத்தால் 2 ஓம். இரண்டும் 2 ஓம் என்றால், வரிசையில் 4, பக்கவாட்டில் 1. உங்கள் ஆம்ப் 2 ஓம் வரைதான் தாங்கும் என்றால் டூயல் 4 வாங்கிப் பக்கவாட்டில் இணைப்பதே சரியான ஜோடி. சப் வாங்கிய பிறகு ஆம்ப் தேடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பிரிட்ஜிங் என்றால் ஆம்பின் இரண்டு சேனலைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டுவது. அப்போது ஒவ்வொரு சேனலும் அந்த ஓமில் பாதியைத்தான் பார்க்கும். 4 ஓம் சப்பைப் பிரிட்ஜ் செய்தால் ஆம்புக்கு அது 2 ஓம் போல.

கிளாஸ் ஏபி, கிளாஸ் டி என்பவை தரவரிசை கிடையாது, ஆம்ப் வேலை செய்யும் முறையின் பெயர்கள். டி என்றால் டிஜிட்டல் என்றும் அர்த்தம் இல்லை. கிளாஸ் டி வாங்கும் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஒலிக்குத் தரும், சூடு குறைவு, உருவம் சிறியது. நம் வெயிலுக்கும் சின்னக் கார்களுக்கும் அது பொருத்தம்.

படி 6: சப்வூஃபர் பெட்டி

சீல்டு பெட்டியில் காற்று வெளியே போகாது. பேஸ் இறுக்கமாக, அடி அடியாகக் கேட்கும். மிருதங்கம், தவில், டிரம்ஸ் கேட்பவர்களுக்கு இது பிடிக்கும். போர்ட்டட் பெட்டியில் ஒரு குழாய் இருக்கும். அதை அமைத்த அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் அதே வாட்ஸில் அதிகச் சத்தம் தரும். ஆனால் அதற்குக் கீழே போனால் கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லாமல் கிழிய வாய்ப்புண்டு. அதனால் மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும் சப்ஸானிக் ஃபில்டர் போட வேண்டும். பேஸ் ட்யூபும் ஒரு போர்ட்டட் பெட்டிதான், வடிவம் மட்டும் வேறு. டிக்கியை இழக்க விரும்பாதவர்களுக்கு, ஆம்பும் சேர்ந்தே வருகிற அண்டர்-சீட் சப் போதும். குடும்பக் காருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்று கையேட்டில் இருப்பவை தீல்-ஸ்மால் அளவுகள். ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய பொறியாளர்கள் நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் இருவரின் பெயரால் வந்தவை. பெட்டி எத்தனை லிட்டர் என்று கணக்கிட அவை வேண்டும். கண்ணால் பார்த்து அளவெடுத்துப் பெட்டி செய்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

படி 7: வயர், ஃப்யூஸ், எர்த்

ஆம்புக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று நீங்களே கணக்கிடலாம். நான்கு சேனலுக்கு 75, சப்புக்கு 300, ஆக 600 வாட்ஸ் ஆர்எம்எஸ். கிளாஸ் டி என்றால் 80 சதவீதத்துக்கு 750 வாட்ஸ் இழுக்கும். 13.8-ஆல் வகுத்தால் 54 ஆம்பியர். இதற்கு 4 கேஜ் செம்பு வயர் வேண்டும். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும். விலை மலிவான கிட்களில் சிசிஏ என்று இருந்தால் உள்ளே அலுமினியம், வெளியே செம்புப் பூச்சு. அதை வாங்கத்தான் வேண்டுமென்றால் ஒரு அளவு தடிமனாக வாங்குங்கள். ஓஎஃப்சி என்றால் முழுச் செம்பு.

பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஆம்பை என்று நினைக்கிறோம், அது காப்பாற்றுவது வயரை. தகரத்தில் உரசி வயர் பாடியைத் தொட்டால் ஃப்யூஸ் இல்லாத கார் தீப்பிடிக்கும்.

இப்போது என் விசிலுக்கு வருவோம். ஆம்பின் எர்த் வயரை டிக்கியில் பெயின்ட் அடித்த ஒரு திருகில் முறுக்கியிருந்தார்கள். பெயின்ட் மின்சாரத்தை விடாது. மின்சாரம் திருகின் புரி வழியாகத் திணறித் திணறிப் போயிருக்கிறது. இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் ஆர்சிஏ கேபிள் வழியாகச் சுற்றிப் பாட்டுக்குள் புகுந்துவிட்டது. ஒரு எர்த் பாயின்ட்டைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்தேன். முதலில் நிறம் போனது, அடுத்து சாம்பல் ப்ரைமர் போனது, அப்புறம் வெள்ளித் தகரம் பளிச்சென்று தெரிந்தது. வயர் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கை அதன் மேல் நேராகப் படியவைத்து ஸ்பேனரால் இறுக்கி, ஈரக்காற்றில் துரு பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவினேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதித்தேன். விசில் இல்லை. எர்த் வயர் அரை மீட்டருக்குள் இருக்கட்டும், பவர் வயரின் அதே தடிமனில் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் இதற்குத் தொடாதீர்கள். ஆர்சிஏ கேபிளைக் காரின் ஒரு பக்கமும் பவர் வயரை மறுபக்கமும் கொண்டுபோங்கள்.

படி 8: கெயின், கிராஸ்ஓவர்

கெயின் என்பது வால்யூம் குமிழ் இல்லை. செட்டின் வோல்ட்டுக்கு ஆம்பைப் பொருத்திக்கொள்ளும் குமிழ். அதை முழுக்கத் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்படும், அதற்குப் பெயர் கிளிப்பிங். ட்வீட்டர்கள் பெரும்பாலும் கருகுவது இதனால்தான்.

ஒரு மல்டிமீட்டர் போதும், நீங்களே சரியாக வைக்கலாம். ஸ்பீக்கர் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் பூஜ்ஜியத்தில் வையுங்கள். கெயினை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, செட்டின் வால்யூமை முக்கால் பங்கில் வையுங்கள். 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போடுங்கள். மலிவான பல மல்டிமீட்டர்கள் அதற்கு மேல் தவறாகக் காட்டும். வேண்டிய வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 75×4 = 300, வர்க்கமூலம் 17.3. ஏசி வோல்ட்டில் 17.3 வரும் வரை கெயினை மெல்லத் திருப்பி நிறுத்துங்கள். சப்புக்கு 50 ஹெர்ட்ஸ் டோன், 300 வாட்ஸ் 2 ஓம் என்றால் 24.5 வோல்ட்.

கிராஸ்ஓவர் என்பது எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்று பிரிப்பது. ஹைபாஸ் மேலே உள்ளதை விடும், லோபாஸ் கீழே உள்ளதை விடும். கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸ், சப்புக்கு 80 லோபாஸ் என்று தொடங்குங்கள். ஸ்லோப் என்பது எவ்வளவு செங்குத்தாக வெட்டுகிறது என்பது. 12 டெசிபல் என்றால் ஒவ்வொரு ஆக்டேவுக்கும், அதாவது அதிர்வெண் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகும்போதெல்லாம், 12 டெசிபல் குறையும்.

அடுத்து ஃபேஸ், அதாவது சப்பின் கூம்பும் கதவு ஸ்பீக்கரின் கூம்பும் ஒத்து அசைகின்றனவா என்பது. சப் பக்கம் 0, 180 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டு மாற்றிப் பாருங்கள், ஓட்டுநர் இருக்கையில் எதில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி.

படி 9: டைம் அலைன்மென்ட்

நம் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம். வலது ஸ்பீக்கர் காதிலிருந்து 80 சென்டிமீட்டர், இடது 130 என்று வைத்துக்கொள்வோம். ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். வலதிலிருந்து வரும் ஒலி 1.5 மில்லி செகண்ட் முந்திக்கொள்கிறது. அதனால் பாடகர் வலது கதவுக்குள் உட்கார்ந்து பாடுவது போலிருக்கும். டைம் அலைன்மென்ட் அந்த முந்துகிற ஸ்பீக்கரை அவ்வளவு நேரம் காக்கவைக்கும். டேப் எடுத்துக் காதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அளந்து, செட்டிலோ டிஎஸ்பியிலோ எண்ணைப் போடுங்கள்.

போட்ட பிறகு, ஒரே ஒரு குரலும் ஒரு தம்பூராவும் மட்டும் உள்ள பாட்டைத் தேர்ந்தெடுங்கள். இன்ஜினை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, ஓட்டும்போது உட்காருவது போலவே உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். குரல் டேஷ்போர்டின் நடுவில், கண்ணாடிக்குச் சற்று அந்தப் பக்கம் நிற்க வேண்டும். இன்னும் வலது பக்கம் இழுத்தால், வலது ட்வீட்டருக்கு மட்டும் 0.1 மில்லி செகண்ட் கூட்டி மறுபடி கேளுங்கள்.